ஆடாமல் சாவது

துப்பாக்கி வெடித்ததும் அவன் செத்தான்.

ஒற்றைக்காலில் ஒரு சுழற்சி. கைகள் விரிந்தன. கொடியிலிருந்து துணி நழுவுவதுபோல் கனடாவின் ஆல்பர்ட்டா புல்வெளியில் இறங்கினான்.

"கட்" என்றார் இயக்குநர். படப்பிடிப்புக் குழு கைதட்டியது.

பெர்னடெட் சித்தி மட்டும் தட்டவில்லை. அதே படத்தில் அவளுக்கும் சின்ன வேடம், ஒப்பாரி வைக்கும் கிழவி. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து அவன்மேல் குனிந்தாள்.

"சாகுறியா, ஆடுறியாடா?"

பிணத்துக்குச் சுருக்கென்றது.

அவன் க்ரீ பழங்குடி ஆட்டக்காரன். ஆடிப் பெயர் வாங்கினான். பெயரைக் கேட்டுச் சினிமாக்காரர்கள் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் எல்லாரும் சாகச் சொன்னார்கள். குதிரையிலிருந்து, பாறையிலிருந்து, ஒருமுறை படகிலிருந்து.

மனைவி இறந்தால் ஓராண்டுக்கு ஆடக் கூடாது என்பது அவன் குடும்பத்து வழக்கம். மனைவியைப் புதைத்த அன்று சித்தியிடம் வாக்குக் கொடுத்திருந்தான். இன்னும் ஒரு பனிக்காலம் பாக்கி.

நடிக்கலாம். சாகலாம். ஆடக் கூடாது.

"இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றான்.

வெடித்தது. இம்முறை சுழலவில்லை.

"தோள் ஆடுது" என்றாள் சித்தி.

மறுபடி வெடித்தது. உருளைக்கிழங்கு மூட்டைபோல் தொப்பென்று விழுந்தான். வாயெல்லாம் மண். சித்தி திருப்தியாகத் தலையசைத்தாள்.

இயக்குநர் ஓடிவந்தார்.

"என்னங்க இது? மொதல்ல எவ்வளவு அழகா செத்தீங்க. இப்படியே விழுந்தா நான் வேற ஆளைத்தான் சாகவைக்கணும். மனுஷன் இப்படியா சாவான்?"

சித்தி வானத்தைப் பார்த்தாள்.

அவன் மண்ணைத் துப்பினான். மனுஷர் எப்படிச் சாவார்கள் என்று அவன் பார்த்திருக்கிறான். சமையலறையில், கைநீட்டினால் மனைவியைத் தொடும் தூரத்தில் நின்று.

"சரி, எடுங்க."

வெடித்தது.

அவன் விழவே இல்லை. மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தான். கையில் இல்லாத ஒரு தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் ஓரமாக வைத்தான். ஏதோ கேட்க வாயெடுத்தவன்போல நிமிர்ந்தான்.

அப்படியே இருந்தான்.

"கட்" சொல்ல இயக்குநருக்குத் தோன்றவில்லை.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சித்தி அதன் குறுக்கே நடந்து வந்தாள்.

குனிந்து, அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.