அவளுக்கு மட்டும்

“தம்பி, இதுல எழுதினா எம் மவ வள்ளிக்கு மட்டும்தானே போவும்? வேற ஒருத்தரும் பார்க்க மாட்டாங்கல்லா?”

சிவனணைந்தபெருமாள் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“அவளுக்கு மட்டும்தான் அண்ணாச்சி” என்றான் கிங்ஸ்லி, முகத்தைப் பார்க்காமலே.

குற்றாலத்தில் அருவிகளில் குளிக்கத் தடை. சாரலுக்கு வந்த பயல்கள் எல்லாம் கிங்ஸ்லியின் கேம் சென்டரில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே நனைந்த வேட்டியோடு அந்த இலத்தூர்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

ஆனந்தவள்ளி காலேஜ் படிக்கும்போது இதே கடைக்கு விளையாட வந்தவள். மூன்று வாரத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று கிங்ஸ்லிக்கே தெரியாது. போன் நம்பரை மாற்றியவள் இங்கே பழகிய இந்த ஆன்லைன் ஆட்டத்தை மட்டும் விடவில்லை. அவளுடைய அண்ணன்மார் இருவரும் அரிவாளோடு தேடி அலைவது ஊரறிந்த சங்கதி.

“ஆட்டத்துல மஞ்சக்குருவிங்கிற பேரு அவதானே? பேருக்குப் பக்கத்துல பச்சை எரியுது பாரு. இருக்கா. சீக்கிரம் வழி பண்ணு தம்பி.”

“என்னத்த எழுதணும்? சொல்லுங்க, நானே அடிச்சுத் தாரேன்.”

“வேண்டாம். இங்கன உள்ளவனுவ காதுல விழக்கூடாது. நீயும் அங்கிட்டுத் திரும்பிக்கோ.”

மகளை வரவழைக்கத்தான் வந்திருக்கிறார் என்று கிங்ஸ்லிக்கு உறுதியாகிவிட்டது. போன வருஷம் அவனுடைய நண்பனைக் கட்டிக்கொண்ட பாலம்மாளையும் இப்படித்தான் வரவழைத்தார்கள். ‘அம்மை சாகக் கிடக்கா, ஒரு தடவை முகத்தைக் காட்டிட்டுப் போ’ என்று அப்பன்காரன் சொல்லி அனுப்பினான். அழுதுகொண்டே கிளம்பிய பெண் வீடு போய்ச் சேரவில்லை. நல்ல எண்ணத்தில் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னவன் கிங்ஸ்லிதான்.

ஆண்டவரே, இன்னொரு தடவை அந்தப் பாவம் வேண்டாம்.

அந்த ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும் ரகசியமாக எழுத ஒரு கட்டளை உண்டு. தன் அணிக்குள் எழுத வேறொரு கட்டளை. பெரியவரின் பெயரில் இப்போதுதான் புதிதாகக் கணக்குத் திறந்திருந்தான். அவருக்கு அணியே கிடையாது. கிங்ஸ்லி அணிக்கான கட்டளையைத் தட்டிவிட்டு, தமிழ் எழுத்துகளைத் திரையில் வரவழைத்துக் கொடுத்தான். இனி அவர் எழுதுவது அந்தத் திரையில் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் போகாது.

பெரியவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினார். முடிக்க இருபது நிமிஷம் ஆனது.

“போயிருச்சா?”

“போயிருச்சு அண்ணாச்சி.”

“பதிலைக் காணலியே?”

“வாசிச்சிருப்பா. கோவத்துல பதில் போடாம இருப்பா.”

“கோவம் இருந்துட்டுப் போவட்டும். வாசிச்சிட்டாள்லா, அது போதும்.”

அவர் கிங்ஸ்லியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்ன நடிப்பு என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் சாரலில் இறங்கிப் போனதும்தான் கிங்ஸ்லிக்கு மூச்சு வந்தது. டீ வாங்கிக் குடித்தான். பயல்களின் சண்டையை விலக்கிவிட்டான். ‘உங்க அப்பா வந்தாரு, என்ன சொன்னாலும் நம்பாதே’ என்று வள்ளிக்கு ஒரு வரி போட்டுவிடலாமென்று அவர் இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது அரை மணி நேரம் ஓடியிருந்தது.

பெரியவர் எழுதியது திரையில் அப்படியே இருந்தது.

‘வள்ளி உங்க அண்ணன்மாருக்கு உன் வீடு தெரிஞ்சு போச்சு. காலையிலயே கார்ல கிளம்பிட்டானுவ. என் போனைப் புடுங்கிட்டானுவ. உடனே போலீஸ்ல போய் இரு. அம்மைக்கு முடியலைன்னு ஆரு சொன்னாலும் வராத. நானே கூப்பிட்டாலும் வராத.’

கிங்ஸ்லி பதறிப்போய் சரியான கட்டளையைப் போட்டு அதை அப்படியே அவளுக்கு அனுப்பினான்.

மஞ்சக்குருவி ஆட்டத்தை விட்டு வெளியேறி இருபது நிமிஷம் ஆகிறது என்று திரையில் வந்தது.