எட்டாவது வரி

கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பது என் வேலை. எழுத்துப் பலகையில் ஏழு வரிகள்.

"காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம் ஆச்சும்மா. இப்பப் பாரு, கண்ணு செவந்து வெளிச்சமே ஆக மாட்டேங்குது," என்று உட்கார்ந்தார் தையல் ஆலை மேற்பார்வையாளர்.

அவருக்கு என்னைத் தெரியாது. போன வருஷம் இதே காய்ச்சலுக்குப் பிறகு, இதே கண்ணோடு என் தங்கை லீவு கேட்டாள். கடிதத்தின் மேல் சிவப்பு மையில் 'அவசியமில்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தவர் இவர்தான். அவளுக்குப் பார்வை போனது. படியில் தவறி விழுந்து அவளும் போனாள்.

நல்ல கண்ணை மூடச் சொன்னேன்.

"மேல எல்லாம் ஒரே புகை. கடைசி வரி மட்டும் பளிச்சுனு இருக்கு. கையெழுத்து மாதிரி."

"படிங்க."

"'கண் எரிகிறது ஐயா. மூன்று நாள் விடுப்பு வேண்டும்.' இதையெல்லாமா எழுதி வைப்பீங்க?"

"எத்தனாவது வரி?"

விரல் நீட்டி எண்ணினார். "எட்டாவது."

"வீட்டுக்குப் போங்க, தானா சரியாயிடும்."

சீட்டில் 'டாக்டரைப் பார்க்க வேண்டுமா?' என்ற கட்டத்தில் 'அவசியமில்லை' என்று எழுதினேன்.

என் பேனா நீலம். எழுத்து சிவப்பாக விழுந்தது.