தாய்க்கு இளையவன்

"கடைசி நேரத்துல இப்படி அடம் பிடிச்சா எப்படிடா? உட்காரு, தலையைக் காட்டு!"

தாய்மாமன் சிவசாமி கத்தினார். துரைராசு அசையவில்லை. செத்துப்போன ஞானாம்பாளின் இளைய மகன் அவன். வீட்டிலிருந்து தீச்சட்டியைச் சுமந்து வந்தவன், ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு, மொட்டை போட உட்கார மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

"நான் கொள்ளி வைக்கலை மாமா. அண்ணன் வைக்கட்டும்."

கூட்டம் முணுமுணுத்தது. தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன் வைப்பான். அதுதான் அங்கே வழக்கம்.

"கூடவே கிடந்தான், இப்ப நிக்கிற நிலையைப் பாரு" என்று யாரோ அவன் காதில் விழும்படியே சொன்னார்கள்.

மூத்தவர் மணிவண்ணனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் அவர். பழைய கிரேக்க சோக நாடகங்களில் வரும் அம்மாக்களையும் பிள்ளைகளையும் மனோதத்துவம் வைத்துப் பிரித்து மேய்ந்துதான் டாக்டர் பட்டமே வாங்கினார்.

கூட வந்திருந்த சக பேராசிரியர் நெடுமாறனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்த நாடகத்து ராணிகளைப் பத்திச் சொல்வேனே சார். ஒரு பிள்ளையை வெளியே தள்ளிடுவா. இன்னொண்ணை மடியிலேயே வச்சுக்குவா. மடியில இருக்கிறவனுக்கு மூச்சு முட்டும். அடிமனசுல அவளை வெறுப்பான். அவ போனதும் அது வெளியே வந்துடும். இதோ, வந்துடுச்சு பாருங்க."

"சுடுகாட்டுல வச்சு எதுக்கு சார் இதெல்லாம்?" நெடுமாறன் நெளிந்தார்.

மணிவண்ணன் விடுவதாக இல்லை. வகுப்பில் அந்த ராணிகளைத் திட்டும்போதெல்லாம் அவர் மனதில் இருந்தது அம்மாதான். சின்ன வயதில் தன்னை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சொந்த ஊரான கூத்தாநல்லூருக்குப் பஸ் ஏறிய அம்மா. அந்தக் கோபம் தலை நரைத்த பிறகும் ஆறவில்லை. ஊருக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் மட்டும் உண்டு. அதையும் தம்பிதான் எடுப்பான். "அம்மா தூங்குதுண்ணே" என்பான். அம்மாவின் குரலைக்கூடப் பங்கு தர மாட்டானாம்!

நேரே தம்பி முன்னால் போய் நின்றார்.

"உன்னைத்தானேடா தலையில தூக்கி வச்சு ஆடினாங்க? கல்யாணம்கூடப் பண்ணிக்காம அவங்க காலையே சுத்திக்கிட்டுக் கிடந்தே. உள்ளுக்குள்ள உனக்கு அவங்க மேல வெறுப்பு. ஒத்துக்க."

துரைராசு நிமிர்ந்து பார்த்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"அம்மாவுக்கு ரொம்ப நாளா எதுவும் ஞாபகம் இல்லைண்ணே."

"கொஞ்சம் மறதின்னு சொன்னியே?"

"உங்களை மட்டும் மறக்கலை. சோறு எடுத்துக்கிட்டுப் போனா, 'நீ யாரு தம்பி? என் புள்ள மணி ஹாஸ்டல்லேருந்து வரட்டும், அவன் ஊட்டினாத்தான் சாப்பிடுவேன்'னு வாயை இறுக்கி மூடிக்கும். தண்ணிகூட இறங்கலை. வேற வழி தெரியாம, நான்தாம்மா மணி, வந்துட்டேன்னு சொன்னேன். அப்புறம்தான் வாயைத் திறந்துச்சு."



"அன்னையிலேருந்து அந்த வீட்டுல நான் மணிதான். குளிப்பாட்டினது, மருந்து குடுத்தது எல்லாமே மணி. உங்ககிட்ட பேசச் சொல்லி அம்மாகிட்ட போனைக் குடுத்தா, 'மணி என் பக்கத்துல இருக்கான், நீ யாரு'ன்னு உங்களையே கேட்கும். 'நீ யாரு'ங்கிறதை முன்னாடி தினமும் அம்மா வாயால கேட்டவன் நான். உங்களுக்கு வேண்டாம்னுதான் தூங்குதுன்னு சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. நான் வந்திருப்பேனே..." என்றார். ஆனால் வருவதை நிறுத்தியது அவர்தானே? வீட்டைவிட்டுத் துரத்தியவள் என்று அவர் ஊரெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அவள் அவருக்காகச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இனி அழுது என்ன, பட்டம் இருந்து என்ன? எதைச் சொன்னாலும் கேட்க அவள் இல்லை.

துரைராசு தோளில் கிடந்த துண்டை எடுத்து, நாவிதர் முன்னால் அண்ணனுக்காக விரித்தான்.

"காலையில உசிரு போறப்பவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வந்துட்டியா மணி'ன்னுதான் கேட்டுச்சு. உட்காருங்கண்ணே."

மணிவண்ணன் அதில் உட்கார்ந்து தலையைக் காட்டினார்.

சிவசாமி இன்னும் சமாதானமாகவில்லை. "இருந்தாலும் பெத்தவளுக்கு மூத்தவன் வைக்கிறது நம்ம வழக்கம் இல்லையே, துரைராசு. ஊரு என்ன சொல்லும்?"

"மூத்தவரு இளையவரெல்லாம் யாரு மாமா?" என்றான் துரைராசு. "அம்மாவுக்கு இருந்தது ஒரே புள்ளதான்."