முதலில் இறங்கி வந்தவர்

முதல் கீமோ பலிக்கவில்லை.

முடி போனது, நாக்கில் ருசி போனது, போகவேண்டியது மட்டும் போகவில்லை. டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரின் எலும்பு மஜ்ஜையில் கெட்ட செல்கள் அப்படியே உட்கார்ந்திருந்தன.

காரணம், இரண்டு டாக்டர்கள்.

இந்த ரத்தப் புற்றுநோயில் இரண்டு குடும்பம். மைலாய்டு, லிம்பாய்டு. மருந்தும் வேறு வேறு. மேல் மாடியில் வைத்தியம் பார்க்கிற பெரிய டாக்டர் "மைலாய்டு" என்றார். கீழ்த்தளத்து லேப் டாக்டர் "லிம்பாய்டு" என்றார். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அதுதான் கோளாறு.

முதல் கீமோ தோற்ற பிறகும் மேலே இருப்பவர், "அதையே இன்னும் பலமா குடுப்போம்" என்றார். கீழே இருப்பவர், "குடுக்கட்டும், எனக்கென்ன" என்றார்.

நடு மாடியில் படுத்திருந்த வாத்தியார் மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"சந்துல ரெண்டு லாரி எதிரெதிரே நிக்குது. எவனாவது ரிவர்ஸ் எடுத்தாத்தான் நான் வீடு போய்ச் சேருவேன்."

அவள் செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கீழ. லேப்புக்கு."

"இப்பத்தானே மேல போய்ட்டு வந்த?"

"அது வேற, இது வேற."

"அங்க கேட்டதை இங்க சொல்லு, இங்க கேட்டதை அங்க சொல்லு. ஆஸ்பத்திரிக்கு வந்தும் உனக்கு வம்பு பேசணும். இங்க மனுஷன் சாகக் கிடக்கேன்."

"சாகும்போது சொல்லுங்க, பக்கத்துல உட்கார்ந்து கேக்கறேன். இப்ப வேலை இருக்கு."

மறுநாள் டாக்டர்கள் இருவரும் ஒன்றாக வந்தார்கள். பார்த்த நர்ஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

பெரிய டாக்டர் சொன்னார். "உங்களுக்கு வந்திருக்கிறது ரெண்டும் கலந்த வகை. ஒரே செல்லுல ரெண்டு குடும்பத்து அடையாளமும் இருக்கு. ரொம்ப அபூர்வம். நான் சொன்னது பாதி சரி, இவர் சொன்னது பாதி சரி. லிம்பாய்டு மருந்துக்கு மாத்திடறோம். இந்த வகை அதுக்குத்தான் நல்லாக் கேக்கும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?"

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். "சந்தேகம் இருந்துச்சு."

லேப் டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். "எனக்கும்."

பெரியவர் முன்னே போனதும் லேப் டாக்டர் குனிந்து, ரகசியமாகச் சொன்னார். "தன்மேலதான் தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டார். அதுக்கப்புறமும் நான் முறுக்கிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

சாயங்காலம் பெரிய டாக்டர் தனியாக வந்தார். "பாவம், அவனே இறங்கி வந்துட்டான். நானும் விட்டுக் குடுத்தேன்."

வாத்தியாருக்குத் தலை சுற்றியது.

"இதுல யாருடி முதல்ல இறங்கினது?"

"யாரு இறங்கினா என்ன? மருந்து ஏறுதில்ல, பேசாம படுங்க."

மருந்து கேட்டது. நோய் அடங்கியது. ஆனால் பெரிய டாக்டர் விடவில்லை. "இப்படியே விட்டா திரும்பி வரும். கூடப் பிறந்தவங்க மஜ்ஜை பொருந்தினா, பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன். அதே தெருவில் எதிர்வீடு. கார் நிறுத்துகிற இடத்துக்குச் சண்டை போட்டுப் பல வருஷமாகப் பேச்சில்லை.

"அந்த ஆள்கிட்ட போய் நிக்கறதுக்கு நான் செத்துப் போறேன்," என்றார் வாத்தியார். "நீயும் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

"நான் எதுக்குப் போறேன்?" என்றாள் அவள்.

பத்து நாள் கழித்து, கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தார். நாற்காலி இருந்தும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"போன வாரமே ரத்தம் குடுத்துட்டேன். பொருந்திடுச்சாம்."

எழுந்து உட்காரப் பார்த்த வாத்தியாரை அண்ணன் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"ஏன்டா, என்கிட்ட நேர்ல சொல்ல உனக்கு என்னடா வெக்கம்? 'தப்பு என்மேலதான், அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்க்கணும்'னு அழுதியாமே. சின்னவன் நீயே இறங்கி வந்தப்புறம், பெரியவன் நான் வீம்பு பிடிச்சா நல்லாவா இருக்கும்?"

வாத்தியார் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். அண்ணனின் கண் கலங்கியிருந்தது. மூடிக்கொண்டார்.

"ஆமாண்ணே," என்றார். "ஆனா, உனக்கு யார் சொன்னா?"

"வேற யாரு? உன் பொண்டாட்டிதான்."