வலது பக்கத்துப் படம்

"மூச்ச உள்ள இழுங்க மாஸ்டர். தோளை நல்லா விரிங்க... அப்படியே இருங்க, அசையாதீங்க!"

ஜிம் முதலாளி செல்போனைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுத்தார். நீலச் சுவருக்கு முன்னால் சட்டையில்லாமல் நின்ற மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதலாளி வாயில் "பிரமாதம்" என்ற வார்த்தை இன்றைக்குத்தான் வந்தது.

"எப்போ சார் இந்தப் படத்த வாசல்ல மாட்டுவீங்க?"

"என்ன அவசரம்? இது பத்திரமா இருக்கட்டும். நேரம் வரும்போது மாட்டிக்கலாம்" என்று சிரித்துவிட்டு முதலாளி தன் அறைக்குள் போய்விட்டார்.

மாஸ்டர் சட்டையை எடுத்து மாட்டினார். வலது கையைத் தூக்கும்போது தோள்பட்டையில் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே இந்த வலி இருக்கிறது, ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. தோள் போய்விட்டது என்று தெரிந்தால் இந்தத் தொழிலில் எவன் சோறு போடுவான்?

"எத்தனை நாளைக்குங்க இந்த உடம்ப நம்பிப் பொழைக்கிறது?" என்று வீட்டில் மனைவி கேட்காத நாளில்லை. அப்போதெல்லாம் அவர் ஜிம் வாசலில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றித்தான் பேசுவார்.

பெரிய படம் அது. இடது பக்கம் தொப்பையும் தொங்கிய கன்னமுமாக ஒருவர், மேலே 'அன்று' என்று எழுதியிருக்கும். வலது பக்கம் அதே ஆள் செதுக்கி வைத்த உடம்போடு நிற்பார், மேலே 'இன்று'. நல்ல குமாஸ்தா வேலையை உதறிவிட்டு மாஸ்டர் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதைப் பார்த்துத்தான். யார் சேர வந்தாலும் முதலில் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்.

ஜிம்மில் சேர வந்த தையல்கார அக்கா மட்டும் ஒருமுறை குடைந்தாள். "'அன்று' பக்கம் தோள்ல ஒரு தழும்பு இருக்கு, 'இன்று' பக்கம் காணோமே மாஸ்டர்?"

"அவ்வளவு கொழுப்பே கரைஞ்சு போச்சு, தழும்பு எம்மாத்திரம்க்கா!" என்று சமாளித்துவிட்டார்.

இப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். அதே தொங்கிய கன்னம், அதே தொப்பை. படத்தில் இருப்பவரேதான்.

மாஸ்டர் வேகமாகப் போய் அவர் எதிரே நின்றார்.

"நீங்களா சார்? உங்களக் காட்டித்தான் சார் நான் சோறு திங்கிறேன்! கட்டின உடம்ப இப்படிக் கோட்டை விட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, உங்கள நம்பினவனுக்குப் பண்ற துரோகம் இல்லையா இது?"

பெரியவர் கோபப்படவில்லை. ஒரு பெஞ்சைப் பார்த்து மெதுவாக உட்கார்ந்தார்.

"நானும் இங்க மாஸ்டரா இருந்தவன்தான் தம்பி. வேலைக்குச் சேர்ந்த புதுசுல முதலாளி அந்த நீலச் சுவத்துல நிக்க வச்சு ஒரு படம் எடுத்தாரு. வலது பக்கம் இருக்கே, அது."

"வலது பக்கமா? அது 'இன்று' சார்..."

"பாரம் தூக்கித் தூக்கித் தோள் போச்சு. ஆபரேஷன் பண்ணிப் படுத்ததுல உடம்பு ஊதிடுச்சு. திரும்ப வேலை கேட்டு வந்தேன். வேலை இல்லன்னாரு. ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு சொல்லி, அதே சுவத்துல இன்னொரு படம் மட்டும் எடுத்துக்கிட்டாரு. அதுதான் 'அன்று'ன்னு இடது பக்கம் இருக்கு."

சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். தோளில் நீளமாகத் தழும்பு ஓடியது.

"என் பொண்ணு இந்த வழியாத்தான் வேலைக்குப் போறா. தயவுபண்ணி அந்தப் படத்தக் கழட்டிடுங்கன்னு கேக்க வந்தேன்."

மாஸ்டர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எத்தனை பேரை அந்தப் படத்தின் முன்னால் நிறுத்திச் சத்தியம் பண்ணாத குறையாகப் பேசியிருக்கிறார்! நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாரே இந்த முதலாளி என்று நெஞ்சு கொதித்தது. முதலாளியின் அறைப் பக்கம் திரும்பியவரின் கை, தன்னையறியாமல் வலது தோளைத் தடவிக்கொண்டது.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். சட்டையில் இன்னும் போடாமல் இருந்த பொத்தான்களைப் பார்த்தார்.

"உன்னையும் எடுத்துப் பத்திரமா வச்சுட்டாரா தம்பி?"