காலையில் துள்ளும் மவுஸ்

"லேய் ரிஜோ, மவுஸ் இன்னைக்கும் துள்ளுது. கிச்சன் சுவரை இழுத்தா, கோடு பக்கத்து வீட்டுக்குள்ள போவுது."

நாகர்கோவிலில் வீட்டு பிளான் வரையும் ஆபீஸ் அது. பிபினின் புலம்பலைக் கேட்டு, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரிஜோ மவுஸை வாங்கிப் பார்த்தான்.

"சாஃப்ட்வேர்ல கோளாறு இல்ல மக்கா. வீலுக்குக் கீழ இருக்க இந்தப் பட்டனை அமுக்குனா வேகம் கூடும். நான் தெனமும் சரியாக்கிட்டுத்தான போறேன்? காலையில நீ வாறதுக்கு முன்னால யாரோ அமுக்குதாங்க."

"பக்கத்து சீட்டு சுதீஷாத்தான் இருக்கும். எனக்க பிளான் தப்பாப் போனா அவனுக்குத்தான கொண்டாட்டம்!"

மறுநாள் பிபின் சீக்கிரமே வந்து கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தான். சுதீஷ் இன்னும் வரவில்லை. தினமும் ஆபீஸைத் திறக்கும் பூங்கனி அக்காதான் பிபினின் மேஜை முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தார். அவர் உள்ளங்கை மவுஸ் மேல் அழுந்தியிருந்தது.

"ஆண்டவரே, பிபினுக்க வீட்டுக்காரி ரெண்டு பிள்ளைய வயித்துலயே பறிகொடுத்தவ. இந்தப் பிள்ளையையாவது அவ கையில தாரும்."

ஆமென் சொல்லும்வரை பிபின் வெளியிலேயே நின்றான்.

கொஞ்ச நேரத்தில் ரிஜோ வந்தான்.

"ஆளு பிடிபட்டானா? அந்தப் பட்டன் இல்லாத மவுஸ் ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். மாத்திரலாம்."

பிபின் பழைய மவுஸைக் கையால் பொத்திக்கொண்டான்.

"மாத்தாண்டாம் மக்கா. வேகத்தை எப்படிக் குறைக்கதுன்னு மட்டும் சொல்லித் தா. தெனமும் நானே குறைச்சுக்கிடுதேன்."