நிருபர் மூக்காயி

ஒரு வீட்டு மதில்ல மூக்காயின்னு ஒரு காக்கா இருந்துச்சு. அந்த வீட்டுக்கு நிருபர் அதுதான். விருந்தாளி வர்றத முன்கூட்டியே கத்திச் சொல்லும். அதுக்குக் கூலியா வீட்டுப் பூனை மீன் தலை குடுக்கும். ஏன்னா, விருந்துக்கு வர்ற மாமா பொண்ணுங்க பூனை வாலைப் புடிச்சு இழுக்கும். சேதி தெரிஞ்சாத்தான் பரண்ல ஏறி ஒளியலாம்.

அப்புறம் வீட்டுக்குப் புதுசா ஒரு செல்போன் வந்துச்சு. "சேதிய நான் சும்மாவே சொல்றேனே"ன்னுச்சு.

பூனை மீன் தலையத் தானே முழுங்கிட்டு, "மூக்காயி, கடைய மூடிட்டுக் கெளம்பு தாயி"ன்னுச்சு.

"போடி மீசைக்காரி! எவ கெளம்புவா?"ன்னு காக்கா அங்கயே உக்காந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை போன் "டிங்"னுச்சு. "மாமா தெருமுனைக்கே வந்துட்டாராம்!"

பூனை அலறியடிச்சுப் பரண்ல ஏறுச்சு. கீழ மீன் வறுபடுது, மேல பூனை வயிறு கூப்பாடு போடுது. மாமாவ மட்டும் காணோம்.

மூக்காயி பறந்துபோய்ப் பாத்துட்டு வந்துச்சு. "தெருமுனையாவது மண்ணாவது! அந்தாளு இடுப்புல துண்டோட அவரு வீட்டு வாசல்ல பல்லு வெளக்கிட்டு நிக்கிறாரு. எறங்கி வாடி!"

பூனை எறங்கி வந்து, ஒரு மீன் தலையக் காக்கா பக்கம் தள்ளுச்சு.

போன் அசடு வழிஞ்சுச்சு. "அவரு அனுப்புனதத்தானே சொன்னேன்... அக்கா, இனிமே நீ பாத்தத எங்கிட்டச் சொல்லேன். ஒரே நொடியில ஊருக்கே அனுப்பிடறேன்."

"தாராளமா அனுப்புடா தம்பி. என் தொண்டைக்கும் நல்லது. ஆனா நான் பாத்துட்டு வர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தே, கண்ணாடியிலயே கொத்திருவேன்!"

சொல்லிட்டு, மாமா வாய் கொப்புளிச்சாச்சான்னு பாக்க மூக்காயி மறுபடி பறந்துச்சு.